பழைய மோட்டார் வண்டியும் பழுதறி நெறியும்

பொருள்களின் உண்மையை உணர்தற்குரிய வாயில்களை அளவை நூலார் காட்சி, கருதல், உரை என மூன்றாக வகுத்தனர். கண் முதலிய பொறிகளால் நேரே அறிவது காட்சி; மலையிடைப் புகை எழக் கண்டு ஆண்டு நெருப்புண்டெனத் துணிவது கருதல்; நம்பத்தக்கோர் மொழியால் உணர்வது உரை. இவற்றை வகுப்பறையிற் பயிலுங்கால், இவை சமயவாதிகளின் சொற்போருக்கே உரியன என்று யாமும் எண்ணியிருந்தோம். சென்ற ஆண்டில் ஒரு நாள், சாலையோரத்துக் கொட்டகையொன்றில், கையெல்லாம் கிரீசு படிந்த முதிய எலக்ட்ரீஷியன் ஒருவர், ஓடாது நின்றுபோன காரொன்றின் முன் அமர்ந்து இம் மூன்று அளவைகளையும் ஒழுங்குறக் கையாளக் கண்டோம். அன்றே எம் எண்ணம் பிழையென்று தெளிந்தோம். அவர் தருக்க நூல் எதனையும் கற்றவரல்லர். ஆயினும் அவர் செய்தது முழுதும் தருக்கமே.

அந்தக் கார் ஓர் அம்பாசிடர். அதனை வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் ஓட்டுநருக்கு வயது அறுபது. வண்டி அவரினும் பதினைந்தாண்டே இளையது. சில திங்களாக அதற்கு ஒரு பிணி. காலையிற் சாவியைத் திருப்பினால் எஞ்சின் சோம்பலாய் அரைச்சுற்றுச் சுற்றி நின்றுவிடும். பட்டறை ஒன்றிற் காட்டினார்; பாட்டரி செத்துவிட்டது என்றனர். பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதொன்று வாங்கினார். பத்து நாள் சென்றபின் மீண்டும் அதே பிணி. வேறொரு பட்டறையிற் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டவேண்டும் என்றனர், அதுவும் செய்தார். பிணி நீங்கவில்லை. மூன்றாவது பட்டறையில் எஞ்சினையே இறக்கிப் பார்க்கவேண்டும் என்றனர். மகளின் நர்சுப் படிப்புக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்திற் பாதி இதற்குள் கரைந்துபோயிற்று. வண்டியைக் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டுவிடலாமா என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார். வண்டி போயின் அவர்தம் பிழைப்பும் போம்.

அந்த எலக்ட்ரீஷியன் கண்ட பழுது யாதென்பதை இறுதியிற் கூறுவோம். அதனை நன்கு விளங்கிக்கொள்ளுதற்கு வண்டியின் இயல்பும், அதன்கண் உண்டாம் பொதுவான பழுதுகளும், அவற்றை அறியுமாறும் முதற்கண் தெரிதல் வேண்டும்.

ஈண்டுப் பழைய வண்டி என்றது, கம்ப்யூட்டரின் துணையின்றிக் கார்புரேட்டராலும் பாயிண்டாலும் இயங்கும் பெட்ரோல் வண்டியை. நம் நாட்டில் இத்தகைய வண்டிகளுள் யாவரும் அறிந்தவை அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியுமாம். அம்பாசிடர், இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியை முன்மாதிரியாகக் கொண்டு, மேற்கு வங்காளத்து உத்தரபாரா ஆலையில் 1958-ஆம் ஆண்டு முதல் 2014-ஆம் ஆண்டு வரை செய்யப்பெற்றது. அதில் நெடுங்காலம் அமைந்திருந்தது 1,489 கன சென்டிமீட்டர் அளவுடைய நான்கு சிலிண்டர் எஞ்சின். பத்மினியோ இத்தாலி நாட்டு பியட் 1100 என்னும் வண்டியின் வழிவந்தது. இக்காலத்துப் புது வண்டியிற் கருவியொன்றைப் பொருத்தினால், பழுதின் குறியெண்ணை அவ்வண்டியே அறிவித்துவிடும். பழைய வண்டிக்கு அவ்வாறு பேசும் வாயில்லை. ஒலி, புகை, மணம், வெப்பம் என்னும் இவையே அதன் மொழி.

எஞ்சின் வேண்டுவன மூன்று

பெட்ரோல் எஞ்சின் எதுவாயினும் அது இயங்குதற்கு வேண்டுவன மூன்றே. காற்றொடு தக்க அளவிற் கலந்த பெட்ரோல் ஒன்று. அக்கலவையைச் சிலிண்டரினுள் நெருக்கும் அழுத்தம் ஒன்று. நெருங்கிய கலவையை உரிய நொடியிற் பற்றவைக்கும் தீப்பொறி ஒன்று. இவற்றொடு, எஞ்சினை முதன்முதற் சுழற்றிவிடுதற்குப் பாட்டரியும் செல்ஃப் மோட்டாரும் வேண்டும். எஞ்சின் இயங்கவில்லையெனின் இவற்றுள் ஏதோவொன்று இல்லை என்பது உறுதி. ஆதலின், பழுதறிவோன் செய்யத்தக்கது, இவற்றுள் எவை உள என்று ஒவ்வொன்றாகச் சோதித்து ஒதுக்கி, இல்லாததனை எஞ்சவிடுதலே. கண்டதனை மாற்றிப் பார்த்தல் பழுதறிதல் ஆகாது. அது பிறர் பணத்தைக்கொண்டு ஆடும் சூதாட்டமேயாம்.

எஞ்சின் சுழலாமை

சாவியைத் திருப்பியும் எஞ்சின் சுழலவில்லை என்று கொள்வோம். முகப்பு விளக்குகளை ஏற்றிக்கொண்டு மீண்டும் சாவியைத் திருப்பிப் பார்க்க. விளக்குகள் அணைந்துபோகும் அளவு மங்கினால், பாட்டரி வலுவிழந்தது. அன்றேல் பாட்டரி முனையின் இணைப்பு தளர்ந்தது அல்லது உப்புப் பூத்தது. விளக்குகள் சிறிதும் மங்காமலும், ஓசையொன்றும் எழாமலும் இருந்தால், மின்சாரம் செல்ஃப் மோட்டாரை எட்டவேயில்லை. சாவிச் சுவிட்சையும், செல்ஃபுக்குரிய சொலினாய்டு சுவிட்சையும், அவற்றிற்குச் செல்லும் வயர்களையும் ஆராய்க. 'டிக்' என்னும் ஓசை மட்டும் எழுந்து அமைந்தால், சொலினாய்டு தன் வேலையைச் செய்ய முயன்றது. அதற்கு அப்பாற் செல்லும் பெருமின்னோட்டம் தடைப்பட்டது என்று கொள்க.

பாட்டரியின் நிலையை அளந்தறிதல் எளிது. முழுதும் ஏறிய 12 வோல்ட் பாட்டரி, சும்மா இருக்கும்போது வோல்ட் மீட்டரிற் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டாகக் குறைந்திருப்பின் அதிற் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. செல்ஃப் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பாட்டரியை ஐயுறலாம். மூடி திறக்கத்தக்க பாட்டரியாயின், ஹைட்ராமீட்டர் கொண்டு ஆறு அறைகளின் திராவகத்தையும் தனித்தனியே அளக்க. ஐந்து அறைகள் ஒத்திருக்க ஒன்று மட்டும் மிகத் தாழ்ந்திருப்பின் அவ்வறை பழுதுற்றது. ஆறும் ஒருங்கே தாழ்ந்திருப்பின், பாட்டரியின்மேற் குற்றமில்லை. அதற்கு ஊட்டம் போதவில்லை என்பதே பொருள். பாட்டரியினின்று வெளிப்படும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றி வெடிக்குமாதலின், அதனருகே தீக்குச்சி கிழித்தல் ஆகாது.

இனி, மின்னோட்டத்தைப் பற்றி ஒன்று கூறவேண்டும். செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுழற்றும்போது நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டத்தை இழுக்கும். வழியிலுள்ள இணைப்பொன்றிற் துரு ஏறி, 0.02 ஓம் என்னும் மிகச் சிறிய தடை உண்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். 150 ஆம்பியர் அதன்வழிச் செல்லுங்கால், ஓமின் விதிப்படி 3 வோல்ட் ஆண்டே அழிந்துபோகும், செல்ஃப் தளரும். அதே இணைப்பின்வழி ஒரு சிறு விளக்கு அரை ஆம்பியர் இழுத்தால், அழிவது 0.01 வோல்ட்டே, விளக்கு ஒளி குறையாது எரியும். ஆதலின், விளக்கு எரிகின்றது, இணைப்பு நன்று என்று ஒருவர் கூறின் அதனை ஏற்றல் கூடாது. அகன்ற ஆறு செல்லவேண்டிய மடையை, ஒரு குடம் நீர் ஊற்றிப் பார்த்து, அடைப்பில்லை என்று துணிவது போலும் அது.

சுழன்றும் பற்றாமை

எஞ்சின் வலிவாகச் சுழல்கின்றது, ஆயினும் பற்றவில்லை. இந்நிலையில் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நோக்குக. அது பெட்ரோலால் நனைந்திருப்பின், பெட்ரோல் வந்தது, தீப்பொறி வரவில்லை என்று கருதலாம். உலர்ந்திருப்பின், பெட்ரோல் வரவில்லை என்று கருதலாம். இச் சிறு செயலொன்றே தேடவேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

தீப்பொறி பிறக்குமாற்றைச் சுருங்கக் கூறுவோம். மைக்கேல் பாரடே 1831-ஆம் ஆண்டிற் கண்ட மின்தூண்டல் நெறியே இதற்கு அடிப்படை. காயிலினுள் சில நூறு சுற்றுடைய தடித்த கம்பிச் சுருளும், பல்லாயிரம் சுற்றுடைய மெல்லிய கம்பிச் சுருளும் உள்ளன. தடித்த சுருளிற் பாயும் 12 வோல்ட் மின்னோட்டத்தை டிஸ்டிரிபியூட்டரிலுள்ள பாயிண்ட் திடீரெனத் துண்டிக்குந்தோறும், மெல்லிய சுருளிற் பல்லாயிரம் வோல்ட் எழுகின்றது. அதனைச் சுழலும் ரோட்டர் உரிய சிலிண்டரின் பிளக்குக்குப் பங்கிட்டு அனுப்புகின்றது. எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுழல்கையில், நான்கு சிலிண்டருக்குமாக நொடியொன்றிற்கு 100 தீப்பொறி வேண்டும். பாயிண்டும் நொடிக்கு 100 முறை திறந்து மூடவேண்டும். பழைய வண்டிகளில் மிகுதியும் தேய்வதும் கருகுவதும் அப் பாயிண்டே என்பதில் வியப்பென்னை?

டிஸ்டிரிபியூட்டர் மூடியின் நடுவிற் செருகிய தடித்த வயரை உருவி, அதன் முனையை எஞ்சினின் இரும்பினின்று கால் அங்குலம் விலக்கி, மின்காப்புள்ள குறட்டாற் பிடித்துக்கொண்டு எஞ்சினைச் சுழற்றச் செய்க. அண்மையிற் பெட்ரோல் சிந்தியிருத்தல் ஆகாது. நீலநிறப் பொறி 'சடக்' என்று பாய்ந்தால் காயிலும் பாயிண்டும் நல்லன. குற்றம் மூடியிலோ ரோட்டரிலோ பிளக் வயரிலோ உளது. மூடியினுள் மெல்லிய வெடிப்போ ஈரமோ இருப்பின் மின்சாரம் ஆண்டே வழிதவறிப் போகும். மழைக்காலத்துக் காலையிற் பல வண்டிகள் எழாமைக்கு இதுவே காரணம். உலர்ந்த துணியால் துடைத்தலே அதற்கு மருந்து. பொறி செந்நிறமாய் மெலிந்திருந்தாலோ, இல்லாதே போனாலோ, பாயிண்டைத் திறந்து பார்க்க. அதன் முகங்கள் முழுதும் விரிந்து நிற்குங்கால் இடைவெளி 0.015 அங்குல அளவினதாய் இருத்தல் வேண்டும். முகங்கள் விரைந்து கருகிப் பள்ளமும் மேடுமாய் இருப்பின், பாயிண்டை மட்டும் மாற்றுதல் பயன்தராது. அதனருகிலுள்ள கண்டன்சர் பழுதுற்றமையே அக் கருகலுக்குக் காரணமாதல் கூடும். விளைவை மாற்றிக் காரணத்தை விட்டுவைத்தால் பிணி மீளும் என்பது இங்கும் பொருந்தும்.

பிளக் உலர்ந்திருந்ததாயின், பெட்ரோல் வரும் வழியை டாங்கியினின்று கார்புரேட்டர் வரை தொடர்ந்து செல்க. கார்புரேட்டரில் நுழையும் குழாயைக் கழற்றி ஒரு சீசாவினுள் விட்டு, காயிலின் வயரை நீக்கிவிட்டு எஞ்சினைச் சுழற்றினால், பம்பின் ஒவ்வொரு துடிப்புக்கும் பெட்ரோல் பீறிட்டு வீழவேண்டும். வாராவிடின் பம்பின் தோற்றட்டு கிழிந்திருக்கலாம்; வடிகட்டி அடைபட்டிருக்கலாம்; குழாயிற் காற்றுப் புகலாம். டாங்கி மூடியின் சிறு துளை அடைபட்டமையால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வாராமையும் உண்டு. மூடியைத் திறந்தவுடன் 'உஸ்' என்று காற்று உட்புகுமாயின் அதுவே காரணம். பெட்ரோல் நன்கு வந்தும் எஞ்சின் பற்றவில்லையெனின் கார்புரேட்டரின் ஜெட்டுக்களில் தூசி அடைத்துள்ளதா என்று பார்க்க.

வெப்பத்தில் நின்று, குளிர்ந்தபின் எழுதல்

பழைய வண்டியுடையார் பலரும் கூறும் குறை இது: வண்டி பத்து மைல் நன்றாக ஓடும், பின் திடீரென நிற்கும், அரைமணி நேரம் காத்திருந்தால் மீண்டும் எழும். இதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டனுள் ஒன்று. காயில் சூடேறியபோது அதனுள் மின்காப்புத் தளர்ந்து பொறி அற்றுப்போதல் ஒன்று. எஞ்சினின் வெப்பத்தாற் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிப் பம்பு அதனை ஏற்றமாட்டாது திகைத்தல் மற்றொன்று. வண்டி குளிர்ந்தபின் பட்டறைக்குக் கொண்டுசென்றால் இரண்டும் நல்லனவாகவே தோன்றும். ஆதலின் பழுது நிகழும் அந்நேரத்திலேயே, நின்ற இடத்திலேயே, தீப்பொறியைச் சோதித்தல் வேண்டும். பொறியில்லையேல் காயில், பொறியிருந்து பெட்ரோல் வாராவிடின் ஆவியடைப்பு. காய்ச்சல் விட்ட வேளையில் நாடி பார்த்து நோயில்லை என்று கூறும் மருத்துவனைப் போல நாம் ஆகாதிருக்க.

நொண்டி ஓடுதலும் அழுத்தம் குறைதலும்

எஞ்சின் ஓடுகின்றது, ஆனால் சீரின்றி நொண்டுகின்றது. அஃது ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக் வயர்களை மின்காப்புள்ள குறட்டால் ஒவ்வொன்றாக எடுத்து மாட்டுக. வேலைசெய்யும் சிலிண்டரின் வயரை எடுத்தால் எஞ்சினின் ஒலி மேலும் தளரும். எதனை எடுத்தும் ஒலி மாறவில்லையோ அச் சிலிண்டரே சோம்பி இருப்பது. அதன் பிளக்கையும் அண்டைச் சிலிண்டரின் பிளக்கையும் இடம் மாற்றிப் பார்க்க. சோம்பலும் உடன் மாறிச் சென்றால் பிளக்கே பழுது. மாறாவிடின் வேறிடத்தே காரணம் உளது.

பிளக்கின் முகமும் ஒரு குறியே. வெளிறிய பழுப்பு நிறம் நலத்தைக் காட்டும். உலர்ந்த கரி படிந்திருத்தல் பெட்ரோல் மிகுதியைக் காட்டும். எண்ணெய்ப் பசையொடு கறுத்திருத்தல் எஞ்சின் எண்ணெய் சிலிண்டரினுள் ஏறுதலைக் காட்டும். வெளுத்துக் கொப்புளித்திருத்தல் மிகுவெப்பத்தைக் காட்டும்.

அழுத்தத்தை அளத்தற்கு எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுதும் அழுத்தி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தமானியை வைத்து எஞ்சினைச் சுழற்றுவர். ஒன்றில் மட்டும் அழுத்தம் மிகக் குறைந்திருப்பின், அதனுள் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெயை விட்டு மீண்டும் அளக்க. அழுத்தம் உயர்ந்தால், எண்ணெய் பிஸ்டனைச் சுற்றி நின்று கசிவை அடைத்தது. ஆகவே தேய்ந்தது பிஸ்டன் ரிங்கு. உயராவிடின் கசிவு மேலே வால்வின்கண் உளது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் ஒருங்கே குறைந்திருப்பின், அவற்றிடையே ஹெட் காஸ்கெட் வெந்துபோயிற்று என்று கருதுக. எஞ்சினை இறக்கவேண்டும் என்று ஒருவர் கூறின், இச் சோதனையைச் செய்தீரா என்று வினவுதல் வண்டியுடையானின் உரிமையாம்.

புகையினால் அறிதல்

புகை கண்டு நெருப்பறிதல் பண்டைத் தருக்கம். புகையின் நிறங்கண்டு நோயறிதல் மோட்டாரின் தருக்கம். சைலன்சரினின்று நீலப்புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகின்றது. ரிங்கோ வால்வின் வழியோ தேய்ந்துள்ளது. கரும்புகை வந்தால் பெட்ரோல் மிகுதி. சோக் மூடியபடி நின்றிருக்கலாம், காற்று வடிகட்டி அடைந்திருக்கலாம், கார்புரேட்டரின் மிதவை ஊசி சிக்கியிருக்கலாம். குளிர்காலைப் பொழுதிற் சிறிதுநேரம் வெண்புகை தோன்றி மறைதல் இயல்பே. எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நீங்காது, ரேடியேட்டரில் நீரும் குறைந்துகொண்டே வரின், அந் நீர் சிலிண்டரினுள் புகுகின்றது என்று அறிக. வண்டி சூடாயிருக்கும்போது ரேடியேட்டரின் மூடியைத் திறத்தல் பெருந்தீங்கு. கொதிநீர் முகத்திற் பாயும். மூடிய கொட்டகையுள் எஞ்சினை ஓடவிட்டு ஆராய்தலும் ஆகாது. அப்புகையிற் கலந்த கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இன்றியே உயிரைக் கொள்வது.

ஊட்டம் குறைதலும் கசிதலும்

பாட்டரி நல்லது, ஆயினும் நாள்தோறும் தளர்கின்றது. இதற்கு வழி இரண்டு: வருவாய் குறைதல், அல்லது மறைவான செலவு. எஞ்சினைச் சிறிது விரைந்து ஓடவிட்டுப் பாட்டரியின் முனைகளை அளந்தால் சுமார் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டவேண்டும். ஏறவேயில்லையெனின் முதலிற் ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க. அரை அங்குலத்திற்கு மேல் மிகத் தொய்ந்தால் அது வழுக்குகின்றது. அது நன்றாயின் டைனமோவின் பிரஷ் தேய்ந்ததா, கட்-அவுட் ஒட்டுகின்றதா என்று பார்க்க. 15 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் ரெகுலேட்டர் பழுது. பாட்டரியின் நீர் அடிக்கடி வற்றுதலும் அதற்கொரு குறி.

மறைவான செலவை அறிதற்கு, இரவில் எல்லாவற்றையும் அணைத்தபின் பாட்டரியின் எர்த் வயரைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் இடையே ஒரு சிறு பல்பை இணைக்க. அது ஒளிர்ந்தால் எங்கோ மின்சாரம் கசிகின்றது. பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வருக; எதனை எடுத்தபோது பல்பு அணைந்ததோ அப்பியூஸின் வழியிலேயே கள்வன் உள்ளான். பாட்டரியை மீண்டும் மாட்டுமுன், எம்முனை எர்த் என்பதைப் பார்த்துக்கொள்க. ஆங்கில மரபில் வந்த மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் எர்த் ஆவது நேர்முனையே.

மாறிய பெட்ரோலும் மாறாத வண்டியும்

வண்டி பழையதே, அதற்கு ஊற்றும் பெட்ரோல் பழையதன்று. 2000-ஆம் ஆண்டில் ஈயங் கலவாத பெட்ரோல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. மக்களின் நலத்துக்கு அது பெரிதும் வேண்டப்பட்டதே. ஆயினும் பண்டை எஞ்சின்களில் வால்வு அமரும் இடத்தைத் தேயாது காத்துவந்தது அவ்வீயமே. ஆதலின் அவற்றில் வால்வு நாளடைவிற் கீழ்ப்புதைந்து டேப்பட் இடைவெளி குறுகி, அழுத்தம் குறைதல் கூடும்; இடைவெளியை அடிக்கடி அளந்து சீர்செய்தல் வேண்டும். மேலும், 2025-ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலக்கும் நிலை எய்தப்பெற்றது. எத்தனால் பழைய இரப்பர்க் குழாய்களையும் பம்பின் தோற்றட்டையும் மெலிவிக்கும். காற்றிலுள்ள ஈரத்தையும் ஈர்க்கும். நெடுநாள் ஓடாது நின்ற வண்டியின் டாங்கியில் அடியில் நீர் தங்கித் துரு உண்டாதல் இதனால் மிகும். பெட்ரோல் மணம் வீசின் அதனை இயல்பென்று தள்ளாது, குழாய்களை உடனே ஆராய்தல் நலம்.

மீண்டும் அக்கொட்டகைக்கு

இனி, முன்னர்க் கூறிய அம்பாசிடரின் கதைக்கு வருவோம். அந்த எலக்ட்ரீஷியன் கருவியெதனையும் கையிலெடுக்குமுன் ஓட்டுநரை அருகில் அமர்த்தி வினவலானார். "சாவி திருப்பும்போது வேறென்ன பார்த்தாய், தம்பி?" என்றார். ஓட்டுநர் சிறிது தயங்கி, "வேறொன்றுமில்லை, அண்ணே. சோக் கம்பி மட்டும் கை சுடுகிறது. மூன்று பட்டறையிலும் சொன்னேன்; யாரும் காதில் வாங்கவில்லை" என்றார்.

எலக்ட்ரீஷியன் தலையசைத்து, முகப்பு விளக்குகளை ஏற்றச் செய்து, சாவியைத் திருப்பச் சொன்னார். எஞ்சின் முனகி நின்றது, விளக்குகளோ மங்கவில்லை. பின்னர்த் தடித்த வயரொன்றை எடுத்து, ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையை எஞ்சினின் இரும்பிலும் கவ்வவிட்டார். "இப்போது திருப்பு" என்றார். எஞ்சின் உடனே சுழன்று பற்றிக்கொண்டது.

காரணம் இது. பாட்டரியினின்று செல்ஃப் மோட்டாருக்குச் சென்ற மின்சாரம் மீண்டும் பாட்டரிக்குத் திரும்புதல் வேண்டும். எஞ்சின் இரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருத்தலின், அதற்கும் வண்டியின் உடலுக்கும் இடையே மின்வழியாவது பின்னற் செம்புப் பட்டையொன்றே. அதனை எர்த் பட்டை என்பர். அஃது அவ்வண்டியிற் பச்சைக் களிம்பேறி அற்று, நாலைந்து இழைகளால் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. பெருவழி அடைபடவே, திரும்பும் மின்சாரம் எஞ்சினையும் உடலையும் இணைத்த சோக் கம்பியின் வழியே நெருக்கிப் புகுந்து அதனைச் சுடச்செய்தது. விளக்குகள் வண்டியின் உடலோடு நேரே எர்த் ஆதலின் அவை மங்கவில்லை. பாட்டரி குற்றமற்றது என்பதற்கு அவை சான்றாயின. ஓட்டுநரின் சொல் உரையளவை. விளக்கு மங்காமையினின்று துணிந்தது கருதல். வயரை வைத்தவுடன் எஞ்சின் எழுந்தது காட்சி. மூன்றும் ஒரே பொருளைச் சுட்டின.

புதிய பட்டையின் விலை இருநூறு ரூபாய்க்குட்பட்டது. வேலை அரைமணிப் பொழுது. ஓட்டுநர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின், "அப்படியானால் நான் கொடுத்துவிட்ட பழைய பாட்டரி நல்லதுதானா, அண்ணே?" என்று கேட்டார். எலக்ட்ரீஷியன் விடை கூறாமற் கையைத் துடைத்துக்கொண்டார். யாமும் வாளா இருந்தோம். மகளின் படிப்புப் பணத்திற் போன பாதி போனதே. எஞ்சிய பாதி தப்பியது.

ஆண்டவரின் காயங்களைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டாத தோமாவை நாம் ஐயப்பேர்வழி என்று எளிதிற் கூறிவிடுகின்றோம். விசுவாசத்தின்கண் அவ்வையம் குறையே ஆகுக. பழுதறியுங்கால், பிறர் உழைப்பின் பணத்தைச் செலவிடச் சொல்லுமுன் தொட்டுப் பார்த்தல், குறையன்று, கடமை. அம் மூன்று பட்டறையாரும் வஞ்சகர் என்று யாம் கருதவில்லை. ஐயுறவேண்டிய தம் ஊகத்தை அவர்கள் நம்பினர்; நம்பவேண்டிய ஓட்டுநரின் சொல்லை ஐயுற்றனர்; அவ்வளவே. ஒரு வண்டியோடு நாற்பதாண்டு பழகியவன் அவ்வண்டியைப் பொறுத்தவரை நம்பத்தக்கோனாவான். அவன் சொல்லை முதலிற் கேட்க. குறிகளைக்கொண்டு பின்னர்க் கருதுக. கருதியதனைச் சோதித்துக் காண்க. அதன்பின்னரே கடைக்குச் செல்க. வகுப்பறையிற் கற்ற அளவை மூன்றும், ஏழையொருவன் வீட்டுக் கட்டணப் பணத்தைக் காக்கவல்லன என்பதை அக்கொட்டகையிற் கற்றோம்.